வயலில் எத்தனை லிட்டர் தண்ணீர்?

தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வரை போனவர்களுக்கு அந்த நெல் வயல்கள் மறக்காது. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் தெங்கி ஆற்றின் வழியாகத் திருப்பி, வாய்க்கால்களில் பிரித்துவிட்டு நடக்கும் பாசனம் அது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 20,000 ஹெக்டேர்.

மாணவர்களே, இந்த 20,000 என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அதில் உள்ள நான்கு சுழியங்களில் எது அளந்து வந்தது, எது இடத்தை நிரப்ப வந்தது? எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாம் படிவத்தில் ‘பெந்துக் பியாவாய்’ என்று நீங்கள் படிக்கும் அறிவியல் குறியீடு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. 2 × 10⁴ என்றால் ஒரே ஒரு முக்கிய இலக்கம்; உண்மைப் பரப்பு 15,000-க்கும் 25,000-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 2.0 × 10⁴ என்றால் 19,500-க்கும் 20,500-க்கும் இடையில். ஒரு சுழியம் எவ்வளவு பேசுகிறது பாருங்கள்!

இப்போது ஒரு வயலில் இறங்குவோம். நீளம் 198 மீட்டர், அகலம் 61.5 மீட்டர் என்று நாடா பிடித்து அளந்ததாக வைத்துக்கொள்வோம். நிற்கும் தண்ணீரின் ஆழம், ஸ்கேலை ஊன்றிப் பார்த்ததில், 10 சென்டிமீட்டர், அதாவது 0.10 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் கால்குலேட்டர் 1217.7 கன மீட்டர் என்று காட்டும். பலர் அப்படியே எழுதிவிடுவார்கள்.

அது சரியல்ல. நீள அகலத்தில் மும்மூன்று முக்கிய இலக்கங்கள் இருந்தாலும் ஆழத்தில் இரண்டுதான். பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த இலக்கம் உள்ள அளவுதான் விடையைத் தீர்மானிக்கும். ஆகவே விடை 1.2 × 10³ கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது துல்லியமாக 1000 லிட்டர். அந்த 1000 அளந்து வந்ததல்ல, வரையறை. அதனால் இலக்கத்தைக் குறைக்காது. அடுக்கைக் கூட்டினால் 1.2 × 10⁶ லிட்டர்.

ஏன் இத்தனை கண்டிப்பு? ஸ்கேல் சேற்றில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தால் கணக்கு 1.2 × 10⁵ லிட்டர் தவறிவிடும். அப்படி இருக்க, கால்குலேட்டர் கடைசியில் காட்டிய அந்த .7, வெறும் 700 லிட்டர், யாரும் அளக்காதது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இல்லாத இலக்கத்தைச் சேர்ப்பது மட்டும் தவறல்ல, இருக்கிற இலக்கத்தை வெட்டுவதும் தவறுதான். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்; தராசு முள்ளையும் கிராணியின் பேனாவையும் பற்றி நிறையச் சொல்வார்கள். ரப்பர் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவது வழக்கம். பால் 24.5 கிலோ, உலர் ரப்பர் 31 விழுக்காடு என்றால் 7.595 கிலோ. இரண்டு முக்கிய இலக்கத்தில் 7.6. இதை ஒருவர் 7 என்று எழுதிவிட்டால்? 26 நாள் வெட்டில் 15 கிலோ போய்விடும். ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு!

இந்த 15 எப்படி வந்தது என்பதையும் கவனியுங்கள். 0.595-ஐ 26-ஆல் பெருக்கினால் 15.47, சுருக்கினால் 15. முதலிலேயே 0.6 என்று சுருக்கிவிட்டுப் பெருக்கினால் 15.6, அது 16 ஆகிவிடும். ஆகவே நடுவில் சுருக்க வேண்டாம். எல்லா இலக்கத்தையும் கால்குலேட்டரிலேயே விட்டுவைத்து, கடைசியில் ஒரே முறை சுருக்குங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. ஆயிரம் நெல்மணிகளை எண்ணி நிறுத்ததில் 26 கிராம் வந்தது என்போம். ஒரு மணி 0.000026 கிலோ, அதாவது 2.6 × 10⁻⁵ கிலோ. முன்னால் வரும் சுழியங்கள் முக்கிய இலக்கமல்ல. ஒரு கிலோவில் எத்தனை மணி? கால்குலேட்டர் 38461.538 என்று காட்டும். எண்ணிய ஆயிரம் துல்லியமானது. நிறுத்த 26-இல் இரண்டே இலக்கம். எனவே 3.8 × 10⁴ என்று எழுதுங்கள்.