நெளிந்த மூடி

உயிர் வாழ்வன யாவும் மூச்சினால் வாழ்கின்றன. உணவின்றிச் சில நாள் உயிர் தாங்கலாம். நீரின்றி ஓரிரு நாள் தாங்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள் தாங்குதலும் அரிது. அதனாலன்றோ, இயற்கை நம் மூக்கினுள் மயிரையும் ஈரப்பசையையும் அமைத்துப் புழுதியை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றது! உயிரில்லாப் பொருள்களுள்ளும் மூச்சு விடுவது ஒன்று உண்டு. அது மோட்டார் வண்டியின் எஞ்சின். அதற்கும் ஒரு மூக்கு உண்டு. அம்மூக்கின் இயல்பையும், அதில் நேரும் சிறு கோணலால் விளையும் பெருங்கேட்டையும், அக்கோணலை நிமிர்த்தும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று எடையிற் சிறியது. ஆயினும் பேரிடத்தைக் கொள்வது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றுச் செலவாகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்று ஓராண்டில் 15,000 கிலோமீட்டர் ஓடுமாயின், அது கொள்ளும் பெட்ரோல் 1,000 லிட்டர். இழுக்கும் காற்றோ 90 இலட்சம் லிட்டர்! ஆறு மீட்டர் நீளமும், ஆறு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உடைய வகுப்பறைகள் எண்பதுக்கு மேற்பட்டவற்றில் அடங்கியுள்ள காற்றை, அவ்வண்டி ஓராண்டில் உறிஞ்சிவிடுகின்றது.

இத்துணைக் காற்றும் தூயதாக இருத்தல் இயலுமா? கோடைக் காலத்துச் சாலையை எண்ணிப் பாருங்கள். முன்னே ஒரு வண்டி சென்றால் பின்னே புழுதிப் படலம் எழுகின்றது. அப்புழுதியிற் பெரும்பங்கு நுண்ணிய மணல். மணலின் முதற்பொருளாகிய படிகக்கல், கண்ணாடியையும் கீறும் வன்மையுடையது. செருமானிய அறிஞர் பிரீடரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் வைரம் பத்தாம் இடத்தது. படிகக்கல் ஏழாம் இடத்தது. எஞ்சினுள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும் சிலிண்டர்ச் சுவரோ அதனினும் மென்மையானது. சுவருக்கும் பிஸ்டன் வளையத்திற்கும் இடையே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. மயிரிழையின் பருமனிற் பத்தில் ஒரு பங்குள்ள மணல் துகள் அவ்விடத்தை அடையுமாயின், அரம் போல இரு புறத்தையும் அராவும். அரத்தின் வேலை ஒரு நாளிற் புலப்படாது. ஆண்டுகள் சிலவற்றிற் புலப்படும். வளையம் தேயும்; எண்ணெய் மேலேறி எரியும்; பின்குழாயில் நீலப்புகை எழும்; வண்டி வலிமை குன்றும். அதன் பின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தலன்றி வேறு வழி இல்லை.

இக்கேட்டைத் தடுப்பதற்காகவே காற்று வடிகட்டி அமைக்கப்பட்டுள்ளது. பட்டறையில் இதனை 'ஏர் ஃபில்டர்' என்பர். பிசின் ஊட்டிய தாளை விசிறி மடிப்புப் போலப் பல மடிப்புகளாக மடித்து, சுற்றிலும் மெத்தென்ற ரப்பர் விளிம்பு வைத்து இதனைச் செய்கின்றனர். இத்தாள் ஒரு பெட்டியினுள் அமர்கின்றது. பெட்டிக்குக் கீழ்ப்பாதியும் மூடியும் என இரு பகுதிகள் உண்டு. கிளிப்புகளோ திருகாணிகளோ அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ரப்பர் விளிம்பு அவ்விரண்டன் நடுவே நசுங்கி, இடைவெளி இன்றி அடைக்கின்றது. வெளிக்காற்று ஒரு புறம் புகுந்து, தாளைக் கடந்து, மறுபுறம் தூயதாய் எஞ்சினை அடைகின்றது. ஆகவே, தாள் எவ்வளவு உயர்ந்ததாயினும், பெட்டி செவ்வையாக மூடினாலன்றிப் பயன் இல்லை.

உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதனை எளிதில் உணர்வர். வயலுக்கு நீர் பாய்ச்சும்போது வரப்பில் ஒரு நண்டு வளை இருப்பின், நீர் வரப்பை மீறி ஏற முயல்வதில்லை. தடையற்ற அவ்வளை வழியே ஓடிவிடும். காற்றின் இயல்பும் அத்தகையதே. தாளின் நுண்துளைகளிற் புகுதல் அதற்கு முயற்சி. மூடியின் இடுக்கிற் புகுதலோ எளிது. மேற்கூறிய 90 இலட்சம் லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் இடுக்கின் வழியே புகுமென வைத்துக்கொண்டாலும், 90,000 லிட்டர் காற்று வடிகட்டப்படாமலே எஞ்சினுட் சென்றுவிடும். இது வாயிலிற் காவலனை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

இக்குறையின் கொடுமை யாதெனின், இது தன்னை அறிவிப்பதில்லை என்பதே. பல வண்டிகளில், எஞ்சினுக்குச் செல்லும் காற்றை அளக்கும் கருவி, வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னே உள்ள குழாயில் இருக்கின்றது. அக்கருவிக்குப் பின்னர்க் குழாயில் விரிசல் உண்டாயின், அளவில் வராத காற்றுப் புகும்; எஞ்சின் தடுமாறும்; எச்சரிக்கை விளக்கும் எரியும். ஆனால், பெட்டியின் மூடியிற் புகும் காற்று அளவுக்கருவியைக் கடந்தே செல்கின்றது. அளவு பிழையாவதில்லை, ஓட்டத்திற் குறை தோன்றுவதில்லை, விளக்கும் எரிவதில்லை. வண்டி நலமாக ஓடுவதாகவே உரிமையாளர் எண்ணிக்கொண்டிருப்பார். உள்ளே அரம் ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இனி, இக்கோணலை எவ்வாறு அணுகுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இருபது ஆண்டு ஓடிய கார் ஒன்று ஒரு சிற்றூர்ப் பட்டறைக்கு வந்தது எனக் கொள்வோம். தொழில் பழகும் இளைஞன் வடிகட்டியை மாற்றிவிட்டு மூடியைப் பொருத்துகின்றான். ஒரு மூலை அமரவில்லை.

"அண்ணே, இந்த மூலை மட்டும் எழும்பி நிற்கிறது. திருகாணியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிடட்டுமா?" என்று கேட்கின்றான்.

மெக்கானிக் அருகில் வந்து பார்க்கின்றார். "வேண்டாம், தம்பி. இறுக்கினால் இந்த மூலை அமரும், நடுப்பகுதி எழும்பும். மேலும் இறுக்கினால் திருகாணி பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்துபோகும். இது திருகாணியின் குற்றம் அன்று. மூடி ஏன் நெளிந்தது என்று முதலிற் பார்" என்கின்றார்.

நல்ல மருத்துவன் நோயைக் கண்டவுடன் மருந்து கொடுப்பதில்லை. அது வந்த காரணத்தை ஆராய்வான். அம்மெக்கானிக்கும் அவ்வாறே ஆராய்கின்றார். மூடி நெளிவதற்குக் காரணங்கள் பல. எஞ்சினின் வெப்பம் ஆண்டுக்கணக்கில் தாக்குதல் ஒன்று. வெப்பத்தைத் தடுக்கும் தகடு கழன்று விழுந்திருத்தல் மற்றொன்று. கிளிப் ஒன்று தொலைந்துபோக, மற்றவையே முழு இழுப்பையும் தாங்குதல் பிறிதொன்று. அளவிற் பொருந்தாத வடிகட்டியைத் திணித்து மூடுதல் இன்னொன்று. இக்காரணத்தை நீக்காமல் நெளிவை மட்டும் நீக்கினால், அது மீண்டும் வரும்.

அடுத்து, பிளாஸ்டிக்கின் இயல்பை அறிதல் வேண்டும். பிளாஸ்டிக் இரு வகைப்படும். சூடேற்றினால் இளகி, ஆறினால் இறுகுவது ஒரு வகை. ஒருமுறை இறுகியபின் எத்துணைச் சூடேற்றினும் இளகாதது மற்றொரு வகை. லியோ பேக்லேண்ட் 1907-ஆம் ஆண்டில் உருவாக்கிய பேக்லைட் இவ்வகையைச் சேர்ந்தது. வடிகட்டிப் பெட்டிகள் பல, இளகும் வகையாகிய பாலிபுரோப்பிலீனால் ஆனவை. இத்தாலிய வேதியியல் அறிஞர் ஜூலியோ நாட்டா 1954-ஆம் ஆண்டில் உறுதிமிக்க பாலிபுரோப்பிலீனை ஆக்கிக் காட்டினார். இத்தகைய ஆய்வுகளுக்காக அவரும் செருமானிய அறிஞர் கார்ல் சீக்லரும் 1963-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். அதற்குக் கீழேயே சிறிது சிறிதாக மென்மையடையும். நீண்ட நாள் சூட்டிலும் அழுத்தத்திலும் இருந்தால் அவ்வடிவத்திற்கே வளைந்துவிடும். நெளிவிற்குக் காரணமான இந்த இயல்பே நிமிர்த்துவதற்கும் துணை செய்கின்றது. சிலம்பக் கம்பை அனலில் வாட்டி, நிமிர்த்திப் பிடித்து, ஆறவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இம்முறையும் அதனை ஒத்ததே.

பெட்டியின் உட்புறத்தில் அதன் பொருளைக் குறிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 'பி', 'பி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருப்பின் அது பாலிபுரோப்பிலீன். 'பி', 'ஏ' என்றிருப்பின் அது நைலான். உருகுவதற்கு அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டுவதாதலின், அதனைப் பட்டறையில் நிமிர்த்த முயலாது மாற்றிவிடுதலே நன்று.

செப்பனிடும் முறை வருமாறு: எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்ற வேண்டும். அளவுக்கருவி மூடியிற் பொருத்தப்பட்டிருப்பின், அதனைக் கவனமாக எடுத்துத் தனியே வைத்தல் வேண்டும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் வாயைத் தூய துணியால் மூடி, வேலை முடிந்ததும் அத்துணியை மறவாது எடுத்துவிடுதல் வேண்டும். மூடியைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தித் தடித்த கண்ணாடிப் பலகையின்மேற் கவிழ்த்து வைத்தால், எவ்விடத்தில் எத்துணை இடைவெளி உள்ளது என்பது தெரியும். காகிதத் துண்டை விளிம்பின் கீழே செருகிச் சுற்றிவந்தால் நுண்ணிய இடைவெளியும் புலப்படும்.

பின்னர், நெளிந்த பகுதியைக் கொதிநீரில் சில நிமிடங்கள் அமிழ்த்த வேண்டும். அது போதாதாயின் வெப்பக் காற்றுக் கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடேற்றலாம். பளபளப்புத் தோன்றினால் உருகும் நிலை நெருங்கிவிட்டது என்று அறிந்து, உடனே விலக்குதல் வேண்டும். நெருப்புச் சுடரை அருகே கொண்டுவருதல் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் அஃது உயிருக்கே இறுதி செய்யும். பாலிபுரோப்பிலீனும் எரியும் பொருளே. சூடேறிய விளிம்பை நேரான மரச்சட்டங்கள் இரண்டன் நடுவே வைத்து, கிளாம்பினால் மெல்ல மெல்ல இறுக்குதல் வேண்டும். விட்டவுடன் பிளாஸ்டிக் சிறிது பழைய நிலைக்குத் திரும்பும். ஆதலின், நேர்நிலைக்குச் சற்று அப்பால் எதிர்ப்புறம் வளையுமாறு மெல்லிய அட்டையொன்றைச் செருகுவர் தொழிலறிந்தோர். பிறகு செய்ய வேண்டுவது ஒன்றே: காத்திருத்தல். ஓர் இரவு முழுவதும் ஆறவிடுதல் நலம். அவசரப்பட்டு இடையிலே கழற்றினால், அதுவரை செய்த வேலை வீணாகும். 'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி.

நிமிர்ந்ததா என்பதைச் சோதித்தல் வேண்டும். மூடியின் விளிம்பிற் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, வடிகட்டியை வைத்து மூடித் திறந்தால், ரப்பரில் வெண்கோடு பதியும். கோடு எங்கும் தொடர்ச்சியாக இருப்பின் மூடி செவ்வையாக அமர்கின்றது; அறுபட்டிருப்பின் அவ்விடத்தில் இடுக்கு உள்ளது. சோதித்தபின் சுண்ணத்தூளை முற்றும் துடைத்துவிடுதல் வேண்டும். கிளிப்புகளையும் திருகாணிகளையும் ஒரு புறமாகவே இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குதல் முறை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பெட்டியின் தூய புறத்தை விரலால் தடவிப் பார்க்க. விரலிற் புழுதி ஒட்டவில்லையாயின் வேலை வெற்றி பெற்றது எனலாம்.

சிலர், நிமிர்த்தும் தொல்லைக்கு அஞ்சிப் பசையைப் பூசி ஒட்டிவிடுவர். பாலிபுரோப்பிலீனில் எளிய பசைகள் பற்றுவதில்லை. உரிந்த பசைத்துணுக்கு எஞ்சினுட் செல்லவும் கூடும். மேலும், ஒட்டிய பெட்டியை அடுத்த முறை திறப்பது எங்ஙனம்? விளிம்பு விரிசல் விட்டிருந்தாலும், காதுகள் உடைந்திருந்தாலும், பிளாஸ்டிக் நொறுங்கும் நிலையை அடைந்திருந்தாலும், செப்பனிடும் முயற்சியை விட்டு, வேறு மூடி தேடுதலே அறிவுடைமை. பழைய உதிரிப்பாகக் கடைகளில் நல்ல மூடி கிடைத்தல் கூடும். நிமிர்த்தத் தக்கது எது, மாற்றத் தக்கது எது என்று பகுத்தறிதலும் தொழிலறிவின் ஒரு கூறே. மாணவர்கள் இவ்வேலையைத் தொழிலறிந்த பெரியவர் உடனிருக்கவே செய்து பழகுதல் வேண்டும்.

மூடியின் விலை எஞ்சினின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. எனினும், எஞ்சினின் வாழ்நாள் அம்மூடியின் செவ்வையைச் சார்ந்துள்ளது. கூச்சலிடும் குறையை எவரும் கவனிப்பர். வாய்திறவாத குறையைத் தேடிச் சென்று காண்பவரே பொருள்களை நெடுநாள் காப்பவர். கண்ட குறையையும் வன்மையால் அடக்க முயலாது, அப்பொருளின் இயல்பறிந்து, வேண்டிய அளவு சூடும் வேண்டிய அளவு காலமும் கொடுத்துத் திருத்துபவரே கைத்தொழில் வல்லவர். நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் இவ்விரண்டும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பயிற்சி

1. ஒரு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார், 10,000 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ எவ்வளவு காற்றை இழுக்கும்? கணக்கிடுக.
2. வடிகட்டிப் பெட்டியின் இடுக்கை எச்சரிக்கை விளக்கு ஏன் காட்டுவதில்லை?
3. "இது திருகாணியின் குற்றம் அன்று" – இக்கூற்றை இடஞ்சுட்டி விளக்குக.
4. நெளிந்த மூடியை நிமிர்த்தும் முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.
5. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ தன்னை அறிவிக்காமலே கேடு செய்யும் குறை ஒன்றைத் தேடிக் கண்டு, அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.