ஓசூரில் குளிரும், கல்லாவியில் வியர்க்கும்

ஓசூர் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்தபோது டேஷ்போர்டு ஏசி முழங்கை மயிர் சிலிர்க்கும் அளவுக்குக் குளிர்ந்தது. சூளகிரி வரை அந்தச் சுகம் இருந்தது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் பத்து நிமிடம் நின்றதும் வெறும் காற்று வந்தது. மத்தூரில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். கல்லாவிக்குள் நுழையும்போது எல்லா ஜன்னலும் திறந்துகிடந்தன. பட்டறைக்குப் போன் போட்டால், "இங்க நல்லாத்தானே இருந்துச்சுண்ணா?" என்றார் மெக்கானிக். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. ஊத்தங்கரை, கல்லாவிப் பக்கம் அதற்கும் கீழே. ஓசூரில் 32 டிகிரி அடிக்கும் சித்திரை மதியத்தில் இங்கே 38, 39 என்று போகும். ஏசி செய்யும் வேலை, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவது. கொட்டும் இடமே கொதித்துக்கொண்டிருந்தால் அள்ளவும் முடியாது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓசூரில் சோதித்த ஏசியை நம்பி ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான். உங்கள் ஊரில், மதியம் இரண்டு மணிக்கு, வண்டியை நிறுத்திவைத்துப் பாருங்கள்.

பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீட்டுவண்டியாக மாற்றிக்கொள்கிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். ஐந்தாறு வருடமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எல்லோருக்கும் வரும் முதல் புகார் இதுதான்: முன்னால் இருக்கும் ஏசி பற்றவில்லை, என்ன வாங்கிப் போடலாம்? வாங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். உங்கள் ஏசிக்கு உடம்பு சரியில்லையா, அல்லது அது நல்ல உடம்போடு இருந்தும் ஆளே சிறியதா? முதலாவது என்றால் ரிப்பேர், இரண்டாவது என்றால் செலவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு லட்ச ரூபாயைக் கூரைமேல் ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. சமையலுக்கோ ஆய்வகத்துக்கோ விற்பது வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கதவுகளை மூடி, காற்றை உள்ளேயே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, ப்ளோயரை இரண்டில் வைத்து, எஞ்சினை 1500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டேஷ்போர்டின் நடுத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால், வெளியே 35 டிகிரி இருக்கும்போது 12க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. 16, 18 என்று நின்றுவிட்டால் எங்கோ கோளாறு.

அது எங்கே என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். காற்று சில்லென்று இருந்தும் கொஞ்சமாக வந்தால் ஃபில்டரையும் கூலிங் காயிலையும் பாருங்கள். மாவு மில் பக்கம் நிறுத்துகிற வண்டி என்றால் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சுடுகிறதென்றால் முன்னாலுள்ள, சூட்டை வெளியே கொட்டும் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. ஒரு மணி நேரம் நன்றாக வந்து, பிறகு காற்றே குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் திரும்ப வந்தால் உள்ளே காயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்நேரமும் வெதுவெதுப்பாகவே வந்தால் ஹீட்டர் குழாயையும் தொட்டுப் பாருங்கள். மலைப் பயணத்துக்கென்று ஹீட்டர் வைத்த வேன்களில் அந்த வால்வு சரியாக மூடாமல் கொதிநீர் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஏசி ஒரு பக்கம் குளிர்விக்க, ஹீட்டர் மறுபக்கம் சூடாக்கும்.

என் வண்டியில் வந்த கோளாறு இதைவிட வேடிக்கையானது. ஒரு வருடத்தில் மூன்று முறை கேஸ் அடித்தார்கள். மூன்று முறையும் ஒரு வாரம் தாங்கியது போலிருக்கும், பிறகு பழைய கதைதான். கடைசியில் ஊத்தங்கரையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் ஒரு காகிதத்தை எடுத்துக் கண்டன்சருக்கு முன்னால் பிடித்தார். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் காகிதம் கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ பறந்துபோய் அவர் சட்டையில் ஒட்டியது. யாரோ எப்போதோ ஃபேன் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்; ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, எஞ்சின் சூட்டைக் கண்டன்சர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு ஒயரை இடம் மாற்றியதும் தீர்ந்தது. கூலி வாங்க மாட்டேன் என்றவர் கையில் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

அந்தக் 'கேஸ் அடிக்கிற' விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் காசு அதிகம் போவது அதில்தான். கேஜை மாட்டி, எஞ்சினை அணைத்துவைத்து, முள்ளைக் காட்டி, "கேஸ் ஃபுல்லா இருக்குதுண்ணா" என்பார்கள். வண்டி ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் நின்ற நிலையில் 97 பிஎஸ்ஐ அளவுக்குக் காட்டும். உள்ளே கால்வாசி இருந்தாலும் அதே 97தான், முழுவதும் இருந்தாலும் அதே 97தான். திரவம் ஒரு சொட்டாவது இருக்கும்வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. சமையல் சிலிண்டர் தீரும்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிய வேண்டுமானால் இருப்பதை வெளியே எடுத்து, வாக்கம் போட்டு, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை வைத்து ஏற்ற வேண்டும். எடை மெஷின் இல்லாத கடையில் கேஸ் அடிக்காதீர்கள். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவி அதைக் கண்டுபிடிக்காமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவதுதான். விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையைக் கலந்து அடிப்பவர்களும் உண்டு. படுத்துத் தூங்கும் வண்டியில், அடுப்பு எரியும் வண்டியில், அது வெடிமருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

சரி, ரிப்பேர் எல்லாம் முடிந்தது, நடுத் துவாரத்தில் 11 டிகிரி காட்டுகிறது, ஆனால் பின்னால் கட்டிலில் இன்னும் வேர்க்கிறது என்றால்? இப்போதுதான் தேர்வு என்ற பேச்சே வரும். டேஷ்போர்டு ஏசி முன்னால் இருக்கும் இரண்டு மூன்று பேருக்காகக் கணக்குப் போட்டது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் சூட்டைக் கொட்டும். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலக் கூரை என்றால் 10 கிலோவாட். வெள்ளைப் பெயின்ட் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்றாலும், மீதியே ஒரு டன் ஏசியின் 3.5 கிலோவாட்டில் ஒரு நல்ல பங்கை விழுங்கப் போதும். அதனால் தேர்வில் முதலிடத்தைத் துணிக்கடைக்குத்தான் கொடுப்பேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரைவரை தொங்கும் கெட்டித் திரை. ஓட்டும்போது அதை இழுத்துவிட்டால் குளிர் முன்பக்கமே தங்கும். பின்னால் இருப்பவர்களும் முன்னே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். கூரைக்கு உள்பக்கம் ஒட்டும் ஃபோம் ஷீட் இரண்டாவது. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்பார்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றமும் கறுப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாநில எல்லையான ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் போலீஸிடம் நின்று வாதாட நேரமிருப்பவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும். வண்டி நிற்கும்போது உள்ளிருந்து மாட்டும் வெள்ளி நிறத் தடுப்பு அதைவிட நல்லது, கழற்றியும் வைக்கலாம்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால், உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: குளிர் வேண்டியது ஓடும்போதா, நிற்கும்போதா? இரண்டுக்கும் ஒரே சாமான் உதவாது.

ஓடும்போது என்றால், எஞ்சினால் இயங்கும் இரண்டாவது கூலிங் காயிலைப் பின்பக்கம் வைப்பதே சரி. ஏசியோடு வரும் வேன்களில் கூரையோரமாக நீளமாகப் போகும் அதே அமைப்பு. ஆனால் டேஷ்போர்டுக்கு மட்டும் என்று வந்த சின்னக் கம்ப்ரஸரோடு பின்னால் ஒரு காயிலைச் சேர்த்தால், ஒரு படி அரிசியில் இரண்டு பந்தி போட்ட கதையாகிவிடும். கம்ப்ரஸர், கண்டன்சர், பெல்ட் எல்லாமே பெரிதாக வேண்டும். மைலேஜ் குறையும். நாளில் ஆறு மணி நேரம் ஓட்டுபவருக்கு இது தகும்.

நிற்கும்போது என்றால் பேட்டரியில் ஓடும் கூரை ஏசி. லாரி டிரைவர்களிடம் இப்போது இது பரவுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. லாரி கட்டும் ஓசூர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. ஆனால் அந்த ஏசி எஞ்சினோடு ஓடுவது; இரவு நிறுத்தித் தூங்குபவருக்குத் தனி ஏசிதான். கணக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 12 வோல்ட் ஏசி சராசரியாக 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) சாதாரண பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 75. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தது. 200 ஏஹெச் லித்தியம் என்றால் நாலு மணி நேரம் வரும். விடிய விடிய வேண்டுமென்றால் 400 ஏஹெச். கூரையில் 400 வாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் கிடைக்கலாம், ஏசிக்கு அது மூன்று மணி நேரம். ஏசியும் பேட்டரியும் சேர்ந்தால் லட்சத்தைத் தொடும். விற்பவர் "நைட் ஃபுல்லா ஓடும்" என்றால் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள்; முகம் மாறும்.

வீட்டு ஸ்ப்ளிட் ஏசியை வேனில் மாட்டுவது மலிவான யோசனை. லாட்ஜ் முற்றத்திலோ சொந்தக்காரர் வாசலிலோ 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் என்றால் அது ஓடும். ஆனால் அதன் செப்புக் குழாய் சுவரில் அசையாமல் நிற்கச் செய்தது. திருவண்ணாமலை போகும் சாலையில் சிங்காரப்பேட்டை, செங்கம் என்று குலுங்கிக்கொண்டே போனால் மூட்டுகள் கழன்று கேஸ் போகும். ஜன்னல் ஏசி கொஞ்சம் தாங்கும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது சின்ன ஏர் கூலர். எங்கள் பக்கத்துச் சித்திரைச் சூடு வறண்ட சூடு. ஈரத் துணி சட்டென உலரும் ஊரில் கூலர் நன்றாக வேலை செய்யும், ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால். புதுச்சேரி, கடலூர் என்று கடற்கரைக்குப் போனால் அதைத் துணிமூட்டைக்கு ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஜெனரேட்டரைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேச முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று தெரியவந்தது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்குபவர் எழுந்துகொள்ள மாட்டார். வண்டியின் அடியிலோ டிக்கியிலோ ஜெனரேட்டர் வைக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதும் அதே ஆபத்துதான். வேறு எந்த ஏசி வைத்தாலும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டில் பக்கத்தில் மாட்டுங்கள்.

கூரையை வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கூரையைத்தான்.

நான் கடைசியில் வாங்கியது அளவெடுத்துத் தைத்த ஒரு திரை, ஒரு ஃபோம் ஷீட், ஒரு அலாரம், ஒரு கூலர். கூரை ஏசிக்கு எடுத்துவைத்த பணத்தில் பாதி இன்னும் இருக்கிறது. போன வாரம் மதியம் இரண்டு மணிக்குக் கல்லாவியில் வீட்டு வாசலில் நிறுத்தி மறுபடி அளந்தேன். வெளியே 38, நடுத் துவாரத்தில் 12. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, "ப்ளோயரைக் கொஞ்சம் குறைடா, காது வலிக்குது" என்றார்.