பகல் நிலையத்தில் பாரபட்சமா? முறைப்பாடு செய்வது எப்படி?

நோர்வேயில் 1991இல் ஆரம்பித்த சீர்திருத்தத்தின்படி அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான பெரிய விடுதிகள் மூடப்பட்டன. அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு கொம்யூன்களுக்கு மாற்றப்பட்டது. ஒஸ்லோவில் இப்பொறுப்பை 15 பீடெல்கள் ஏற்றுள்ளன. எனவே வளர்ந்த எமது விசேட தேவையுடைய பிள்ளைகள் செல்லும் டாக்சென்டர் யாரோ செய்யும் தருமம் அல்ல. அது பொதுச் சேவை.

இருந்தும், அங்கே மனம் நோகும்படி ஏதும் நடந்தால் எம்மில் பலர் வாய் திறப்பதில்லை. "முறைப்பாடு செய்தால் கிடைத்த இடமும் போய்விடும்" என்ற பயமே காரணம். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சமத்துவ, பாரபட்சத் தடைச் சட்டம் முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்குவதையும் தடை செய்கிறது. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம்.

எது பாரபட்சம்?

ஆட்பற்றாக்குறையால் எல்லோருக்கும் ஒரு நாள் குறைக்கப்பட்டால் அது சேவைக் குறைபாடு. மற்றவர்களை நீச்சலுக்கு அழைத்துச் சென்று, "இவருக்கு நோர்வேஜிய மொழி விளங்காது" என்று எமது பிள்ளையை மட்டும் தினமும் இருத்திவிட்டுப் போனால் அது பாரபட்சமாக இருக்கலாம். நிறத்தையோ, சமயத்தையோ, குறைபாட்டையோ கேலி செய்வதும் சட்டப்படி தடை. "வேண்டுமென்று செய்யவில்லை" என்பது பதிலாகாது. சட்டம் பார்ப்பது விளைவையே.

என்ன செய்யலாம்?

1. குறித்து வையுங்கள். திகதி, நேரம், நடந்தது, சொல்லப்பட்ட வார்த்தை, அருகில் இருந்தவர் யார் என்பவற்றை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாரபட்சம் நடந்திருக்கலாம் என்று நம்பக் காரணம் காட்டினால், அப்படி நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு மறுதரப்புக்குச் செல்கிறது. அந்தக் காரணத்தைக் காட்ட உங்கள் கொப்பி உதவும்.

2. நிலையப் பொறுப்பாளருடன் பேசுங்கள். பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். பல விடயங்கள் இங்கேயே சீராகிவிடும்.

3. சேவை குறைக்கப்பட்டாலோ மறுக்கப்பட்டாலோ பீடெலுக்கு முறையிடுங்கள். பீடெல் தன் முடிவை மாற்றாவிட்டால் விடயம் ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டரிடம் செல்லும். காலக்கெடு பொதுவாக நான்கு வாரங்கள். கடிதத்தில் உள்ள திகதியைக் கவனியுங்கள்.

4. பாரபட்சம் என்றால் சமத்துவ, பாரபட்ச விவகார ஒம்பூட்டிடம் இலவசமாக ஆலோசனை பெறலாம். ஆனால் தீர்ப்பு வழங்குவது ஒம்பூட் அல்ல. 2018 முதல் அது டிஸ்கிரிமினெரிங்ஸ்நெம்டா என்னும் சபையின் வேலை. அதற்கும் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. தேவையானால் 3ஆம், 4ஆம் வழிகள் இரண்டையும் பயன்படுத்தலாம்.

யார் முறையிடுவது?

பிள்ளைக்கு 18 வயதானதும் அவருக்காகக் கையொப்பமிடும் உரிமை பெற்றோருக்குத் தானாகத் தொடர்வதில்லை. பிள்ளைக்கு விளங்குமானால் அவர் தரும் எழுத்துமூல அதிகாரம் வேண்டும். இல்லையேல் ஸ்டாட்ஸ்ஃபொர்வால்டர் நியமித்த வெர்கே, அதாவது சட்டப் பாதுகாவலர், செயற்படலாம். பிரச்சினை வருமுன்னரே இதை ஒழுங்கு செய்துவிடுங்கள்.

எப்படியாயினும் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். பேச முடியாதவர்கூட நிலையத்துக்குப் போக மறுப்பதன் மூலமோ, சாப்பிடாமல் திரும்புவதன் மூலமோ எதையாவது சொல்லக்கூடும். அந்த மாற்றங்களையும் கொப்பியில் எழுதுங்கள். அதற்கு வேறு நோய் காரணமா என்று குடும்ப வைத்தியரிடமும் காட்டுங்கள்.

மொழி தடையாக வேண்டாம்

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, ஒருவரின் சட்டப் பாதுகாப்புக்குத் தேவைப்படும்போது அரச, கொம்யூன் அலுவலகங்கள் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். சிறுவர்களை மொழிபெயர்க்க வைப்பதற்குப் பொதுவாகத் தடை உண்டு. ஆகவே வீட்டிலுள்ள தம்பி, தங்கையைக் கூட்டிச் செல்லாமல், சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள்.

நன்றாகக் கவனிக்கும் பணியாளர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் நன்றியுணர்வு எமது வாயை அடைக்கக் கூடாது. தன் குறையைத் தானே சொல்ல இயலாத பிள்ளைக்கு எமது மௌனம் எந்தப் பாதுகாப்பையும் தராது.