வீட்டுக்கு வந்த கணிப்பொறியும் அம்மாவின் பாட்டுகளும்



கணிப்பொறி என்றால் கணக்குப் போடும் பொறி என்றுதான் 1997 வரை நானும் எண்ணியிருந்தேன். அந்த ஆண்டு எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கணிப்பொறியைச் சேமநிதிக் கடனில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அல்சூருக்கு வந்து சேர்ந்தேன். பையன் படிப்புக்கு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் ஆசை எனக்குத்தான்.

அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று வாயில் ஒரு களஞ்சியமே இருந்தது. அவற்றை நோட்டில் எழுதிவைக்கப் பலமுறை முயன்று கைவிட்டிருக்கிறேன். அம்மா பாடும்போது ஒரு கண்ணி முன்பின்னாக வரும். "அது இல்லப்பா, இது முதல்ல" என்பார். நோட்டில் அடித்து அடித்துப் பக்கமே கறுத்துவிடும். திரையில் அந்தத் தொல்லை இல்லை. கண்ணியைத் தூக்கி மேலே வைக்கலாம், கீழே இறக்கலாம். அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாட, நான் தட்ட, இரண்டு ஆண்டுகளில் 62 பாட்டுகள் சேர்ந்தன.

அச்சிட்ட தாள்களைக் கோலார் தங்கவயலில் இருந்த சின்னம்மாவுக்கு அஞ்சலில் அனுப்பினேன். அவர் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, விட்டுப்போன கண்ணிகளைச் சொல்லி எழுதுவித்து அனுப்பினார். கல்யாணம், கருமாதி என்றால் மட்டும் பார்த்துக்கொண்ட அக்கா தங்கைக்குள் மாதம் ஒரு கடிதம் போய்வரத் தொடங்கியது இப்படித்தான்.

நான் மட்டும் இந்தப் பைத்தியம் பிடித்தவன் அல்லன். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' செயலியை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத அன்பர்கள் பல நாடுகளில் தத்தம் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். சம்பளம் இல்லை, ஆணையிட்டவரும் இல்லை. வீட்டில் ஒரு கணிப்பொறி இருந்தது, அவ்வளவே.

ஆனால் அக்காலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'அ' என்பதற்கு எந்த எண் என்பதை ஒவ்வோர் எழுத்துருக்காரரும் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டுமானால் அதே எழுத்துரு வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு இதைச் சீர்செய்யத்தான் கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் நற்பயன். அதில் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். புள்ளியைப் பொறியே வைத்துக்கொள்ளும். நான் இன்றும் அதில்தான் அடிக்கிறேன். எண் விவகாரமோ யூனிகோடு பரவிய பிறகே தீர்ந்தது. தமிழக அரசு 2010இல் அதை ஏற்றது.

இடையில் மாட்டிக்கொண்டவன் நான். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. சின்னம்மா குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு அம்மா காலமானார். 2004இல் என் பழைய கணிப்பொறியும் ஓய்ந்தது. புதியதில் பாட்டு இருந்த நெகிழ்தட்டைப் போட்டேன். கோப்பு திறந்தது. உள்ளே தலையில் பொட்டும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பக்கம் பக்கமாக! எழுத்துரு இருந்த தட்டு பூசணம் பிடித்துக் கிடந்தது. அச்சிட்ட தாள்களோ, மழையில் பரண் ஒழுகிக் கூழாகிவிட்டிருந்தன. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ஓசூருக்குப் போனேன். சின்னம்மா தம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நான்கு தாள்களை எடுத்துக் கொடுத்தார். மற்றவை வீடு மாறியபோது போய்விட்டனவாம். அந்த நான்கு போதுமானதாயிற்று. தாளில் உள்ள பாட்டையும் திரையில் உள்ள கிறுக்கலையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். பிறகு 'தேடி மாற்று' வசதியால் யூனிகோடுக்கு மாற்றினேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் செய்முறையைச் சற்று விளக்குகிறேன். முதலில் கோப்புக்கு நகல் எடுத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும்படி பொறிக்குச் சொல்லுங்கள். நான் மறந்ததால் முதல் நாள் வேலை முழுதும் பாழ். அடுத்தது கொம்பு. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாக இருக்கும். யூனிகோடில் க முதலில், ஒகரம் அதன்பின். ஆகவே மூன்று குறிகளை ஒருசேரத் தேடி 'கொ'வாக்க வேண்டும். அதற்கு முன்பே 'கெ'யை மாற்றிவிட்டால் கால் தனியே அநாதையாக நிற்கும். கொ, கோ முதலில். கெ, கே, கை அடுத்து. தனி எழுத்துகள் கடைசியில். 18 மெய்க்கும் ஐந்தைந்து என 90 முறை இந்தக் கொம்பு வேலை மட்டும். மாலை நேரங்களில் ஒரு மாதம் பிடித்தது. இன்று இதை நொடியில் செய்யும் மாற்றிகள் உண்டு. என் எழுத்துருவுக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஓசூருக்குப் போய்ச் சின்னம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒப்பாரிகளைக் கேட்க மறுத்துவிட்டார். தாலாட்டுகளைத் தாமே பாடத் தொடங்கினார். பேரன் அதை ஒலிநாடாவில் பிடித்தான்.

62இல் 61 பாட்டுகள் முழுமையாகிவிட்டன. ஒரு தாலாட்டின் மூன்றாம் கண்ணி மட்டும் அம்மாவுக்கே நினைவு வராமல் நான் புள்ளிகளாக இட்டுவைத்தது. சின்னம்மாவுக்கும் அது தெரியவில்லை. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருக்கும் வாசகர்கள் சங்கத்தில் என்னைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாடிக் காட்டுகிறேன்.