பாட்டுடைத் தலைவி மறுமொழி சொல்கிறாள்

காதலைப் பாடிய கவிஞனை உலகம் நன்றாக அறியும். பாடப்பட்ட பெண்ணையோ அவனுடைய வரிகளின் மூலம் மட்டுமே அறியும். இத்தாலியக் கவிஞர் தாந்தே தமது ஒன்பதாவது வயதில் பியாத்ரிஸ் என்ற சிறுமியைக் கண்டார். அவள் வேறொருவரை மணந்து, 1290 இல் இளவயதிலேயே இறந்துபோனாள். தாந்தே தம் அன்பை நூலாக்கினார். பின்னர் தமது பெருங்காவியத்தில் அவளைச் சொர்க்கத்தில் வழிகாட்டுபவளாகவும் படைத்தார். ஆனால் அவரைப் பற்றி பியாத்ரிஸ் சொன்னதாக அவளே எழுதிய சொல் ஒன்றும் நம்மிடம் இல்லை. அவருடைய தனிமை கவிதையாயிற்று. அவளுடைய மௌனம் மௌனமாகவே போயிற்று.

நமது மட்டக்களப்பு நாட்டார் கவிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே பாட்டுடைத் தலைவி வாய் திறந்து பேசுகிறாள்.

வாவி பிரித்த இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்கிறோம். சூரியன் எழும் பக்கம் அது. மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. ஊர்கள் எழுவான்கரையில் நெருங்கியிருக்க, வயல் வட்டைகள் படுவான்கரையில் பரந்து கிடக்கின்றன. குருக்கள்மடம் துறையில் ஏறினால் எதிர்க்கரையில் அம்பிளாந்துறை. மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கும் இப்படித்தான், தோணியும் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையுமே துணை.

விதைப்பு முதல் சூடடிப்பு வரை வேளாண்மை செய்வோர் வாடியில் தங்கினார்கள். யானையும் பன்றியும் பயிரை அழிக்காமல் இரவு முழுவதும் பரணில் காவல் இருந்தார்கள். தூக்கத்தை விரட்டவும் தனிமையை ஆற்றவும் நீட்டி இசைத்துக் கவி பாடினார்கள். ஆகவே இக்கவிகளில் உள்ள தனிமை கற்பனைத் தனிமை அன்று; தொழில் தந்த தனிமை.

பெயர் சொல்லாத அன்பு

கவி பெரும்பாலும் நான்கே அடிகள் கொண்டது. ஆண் 'மச்சி' என்று விளிக்கிறான். பெண் 'மச்சான்' என்று விளிக்கிறாள். பெயர் சொல்வதில்லை. அன்பின் ஐந்திணையில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிக் கூறக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. எழுதப் படிக்கத் தெரியாத வயற்காரரும் அதே மரபில் நின்றது வியப்புக்குரியது. ஆனால் இதற்கு ஊர்வழக்கிலும் ஒரு காரணம் உண்டு. மாமியின் மகளும் மாமாவின் மகளும் எல்லோருமே மச்சிதான். 'மச்சி' என்று ஒருவன் பாடினால் யாரைப் பாடுகிறான் என்று கேட்பவர் அறிய முடியாது. பெண்ணின் மானமும் அவளுடைய குடும்பத்தின் பெயரும் அந்த ஒரு சொல்லுக்குள் பாதுகாப்பாக இருந்தன.

அவளுடைய பக்கம்

பருவமடைந்த பெண் முற்றத்துக்கு வரவும் தயங்கிய காலம் அது. மனத்தில் உள்ளதை நேரே சொல்வது நடவாத காரியம். ஆயினும் பாய் இழைக்கும்போதும் நெல்லுக் குத்தும்போதும் அவளுக்கும் கவி இருந்தது. தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இம்மரபு உண்டு. முஸ்லிம் ஊர்களின் கவிகளில் வாப்பா, உம்மா என்ற வீட்டுச் சொற்கள் அப்படியே வருகின்றன. அந்தப் பெண் தன்னை நிலவென்றும் மலரென்றும் புகழ்ந்ததைக் கேட்டு மகிழ்ந்து இருந்துவிடுவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கோபிக்கிறாள். உம்மா அறிந்தால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறாள். அழகாக இருப்பது மட்டும் அவள் வேலை அன்று. கேள்வி கேட்பவளும் அவளே.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெண் கூற்றாக உள்ள எல்லாவற்றையும் பெண்களே பாடினார்கள் என்று முடிவுகட்ட முடியாது. சங்கப் புலவர்களில் ஆண்கள் பலர் தலைவி கூற்றாகப் பாடியதுபோல, பரணில் இருந்தவனும் அவள் குரலை எடுத்துப் பாடியிருக்கலாம். பாடியவரைத் தெரிந்தால்தான் குரல் யாருடையது என்று சொல்லலாம்.

எஞ்சியிருப்பது

பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' நம் பிரதேசத்தின் நாட்டார் பாடல்களை எடுத்துக் காட்டியது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் ஊர்களின் கவிகளை அரும்பாடுபட்டுத் திரட்டினார். அவர்களால் பாடல்கள் பிழைத்தன. நம் பங்கு இன்னும் இருக்கிறது. வீட்டில் மூத்தம்மா ஒரு கவி சொன்னால் அதை மட்டும் எழுதிக்கொண்டு எழும்பிவிடக் கூடாது. யாரிடம் கேட்டுப் படித்தீர்கள், என்ன வேலை செய்யும்போது பாடினீர்கள், அப்போது உங்களுக்கு எத்தனை வயது என்றும் கேட்க வேண்டும். கவிக்குள் இருக்கும் மச்சியின் பெயர் மறைந்தே இருக்கட்டும். அது அவளுடைய உரிமை. ஆனால் அந்தக் கவியைக் கட்டியவளும் காத்தவளும் பெயரில்லாமல் போவது மரபு அன்று, நமது கவனக்குறைவு.