சூடானின் தாமியா

சூடான் ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு நாடு. அதன் தலைநகர் கார்ட்டூம். வெள்ளை நைல், நீல நைல் என்ற இரண்டு ஆறுகள் அங்கே ஒன்று சேர்கின்றன.

சூடான் மக்கள் விரும்பி உண்ணும் பலகாரம் தாமியா. வேறு சில அரபு நாடுகளில் இதை ஃபலாஃபல் என்பார்கள். பார்க்க நம் பருப்பு வடை போல இருக்கும். எகிப்தில் இதைப் பெரிய அவரைக் கொட்டையில் செய்கிறார்கள். சூடானில் வெள்ளைக் கொண்டைக்கடலையில் செய்கிறார்கள். கடலையில் புரதச் சத்து அதிகம். அது உடல் வளர்ச்சிக்கு உதவும். இறைச்சி வாங்க முடியாத வீட்டுக்கும் இது நல்ல உணவு.

தேவையான பொருட்கள்

வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம்
வெங்காயம் 1
பூண்டு 5 பல்
பச்சை மிளகாய் 2
கொத்துமல்லித் தழை, சதகுப்பைத் தழை ஒரு கைப்பிடி
தனியாத் தூள் 1 தேக்கரண்டி
சமையல் சோடா கால் தேக்கரண்டி
உப்பு, எண்ணெய் தேவையான அளவு

செய்யும் முறை

கடலையைக் கழுவி நிறையத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஊறிய கடலை இரு மடங்காகப் பெருகும். பிறகு தண்ணீரை நன்றாக வடிக்க வேண்டும்.

கடலையை வேக வைக்கக் கூடாது. ஏன்? ஊறிய பச்சைக் கடலை எண்ணெய்ச் சூட்டில்தான் வெந்து இறுகும். முன்பே வெந்த கடலையில் ஈரம் அதிகம். எண்ணெயில் போட்டால் உதிர்ந்துவிடும்.

கடலை, வெங்காயம், பூண்டு, மிளகாய், தழை எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். உப்பும் தனியாத் தூளும் சேர்த்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பொரிப்பதற்குச் சற்று முன் சோடாவைக் கலக்க வேண்டும்.

எண்ணெய் காய்ந்ததும் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது உடனே மேலே வந்தால் சூடு போதும். மாவைச் சிறு வடைகளாகத் தட்டி மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே வேகாது.

சூடானில் தாமியாவை ரொட்டியுடன் உண்பார்கள். தொட்டுக்கொள்ள, நிலக்கடலை அரைத்து எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்த துவையல் இருக்கும். அதன் பெயர் தக்வா.

கையோடு வந்த தொழில்

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் போர் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பல ஊர்களில் உணவு கிடைக்கவில்லை. அப்போது ஊர் மக்களே கூடிப் பொதுச் சமையலறை நடத்தினார்கள். பசித்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள்.

பலர் எகிப்துக்குப் போனார்கள். அங்கே சிலர் சூடான் உணவுக் கடை வைத்துப் பிழைத்தார்கள். வீடும் பொருளும் போயின. கற்ற தொழில் கூடவே வந்தது. அது அவர்களுக்குச் சோறு போட்டது.

பதில் சொல்லுங்கள்

1. எகிப்துத் தாமியாவுக்கும் சூடான் தாமியாவுக்கும் என்ன வேறுபாடு?
2. கடலையை ஏன் வேக வைக்கக் கூடாது?
3. காலை 7 மணிக்கு அரைக்க வேண்டும். முதல் நாள் எத்தனை மணிக்கு ஊற வைக்க வேண்டும்?
4. 250 கிராம் கடலை 4 பேருக்குப் போதும் என்றால், 12 பேருக்கு எவ்வளவு வேண்டும்?
5. உங்கள் கையில் உள்ள தொழில் எது? அதைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.