வேதனமும் முகாமையும்

தொழிலாளர்க்கு அளிக்கும் வேதனத்தை வெறுஞ் செலவெனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்துமோ என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வாம்.

1913 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கிலிருந்த ஹென்றி போர்ட்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் ஓடும் பொருத்து வரிசை அமைக்கப்பட்டது. வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த முன்னர் 12½ மணி நேரம் வேண்டியிருந்தது. பின்னர் 93 நிமிடம் போதுமாயிற்று. ஆயினும், ஒரே அசைவை நாள்முழுதுஞ் செய்து சலித்தோர் வேலையை விட்டகன்றனர். அவ்வாண்டில் ஆட்பெயர்வு நூற்றுக்கு 370 ஆயிற்று. அஃதாவது 100 இடங்களை வெறுமையாகாமற் காக்க ஏறத்தாழ 370 பேரைச் சேர்க்க நேர்ந்தது. புதியவர் ஒவ்வொருவரையும் பழக்குதல் வீண்செலவன்றோ?

1914 சனவரி 5 ஆம் நாள், நாட்கூலி 5 டொலர் எனவும் வேலைநேரம் 9 மணியிலிருந்து 8 மணியாகும் எனவும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் ஆட்பெயர்வு 54 ஆகத் தாழ்ந்தது. எனவே, நற்கூலி செலவன்று. நட்டத்தைத் தடுக்கும் முதலீடேயாம்.

எனினும், அக்கூலியில் ஏறத்தாழப் பாதி இலாபப் பங்காகவே கொடுக்கப்பட்டது. அதனைப் பெறத் தகுதியுடையாரோ என அறிதற்கு, நிறுவனத்தின் ஆய்வாளர் ஊழியரின் இல்லங்களுக்குஞ் சென்று அவர்தம் வாழ்க்கையைத் துருவி நோக்கினர். கூலி கொடுப்போர்க்கு ஊழியரின் இல்லத்தை ஆளும் உரிமை பிறவாது என்பதே எமது துணிபு. முகாமைப் பதவிகளை ஏற்கும் எம் கல்லூரி இளைஞர் இவ்விரு பாடங்களையும் ஒருங்கே உளத்திருத்துவாராக.